ஃபிளேவனாய்டு கேப்சூலும் கொலஸ்ட்ராலும்: வாங்கும் முன்பு தொடங்கி மறுபரிசோதனை வரை

ஒருவருடைய எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 150 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். ஃபிளேவனாய்டு என்ற தாவரச் சேர்மங்கள் நிறைந்த கிரீன் டீ சாறு அடைத்த கேப்சூலை மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டால் அது சராசரியாக 145, 146க்கு இறங்கும். எந்த மாத்திரையும் இல்லாமல், சாப்பாடும் மாறாமல் இருந்தாலே அதே 150 வாரத்துக்கு வாரம் 138க்கும் 162க்கும் நடுவில் தானாக ஆடும். உடம்பின் இயல்பான ஏற்ற இறக்கம் அது. சுமார் 8 விழுக்காடு. கேப்சூல் தரும் இறக்கம் இந்த ஆட்டத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும் அளவுக்குச் சிறியது. "ஒரு மாதம் சாப்பிட்டேன், இருபது பாயின்ட் குறைந்தது" என்று ஊத்தங்கரையிலும் பாலக்கோட்டிலும் கேட்கும் பேச்சில் பாதிக்கு மேல் இந்த ஆட்டம்தான்.

இதனால் ஃபிளேவனாய்டு வீண் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அளக்கத் தெரியாமல் வாங்கினால் பணம் போகும், சில சமயம் கல்லீரலும் கெடும். அளந்து, ஒன்றை மட்டும் தேர்ந்து, பன்னிரண்டு வாரம் பார்த்து முடிவெடுப்பது எப்படி என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

யார் இதைத் தொடவே கூடாது

எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் இருப்பவர்கள். மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள். அப்பா, அண்ணன் என்று குடும்பத்தில் ஐம்பத்தைந்து வயதுக்குள் இதய நோய் வந்தவர்களைக் கொண்டவர்களும். இவர்களுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான ஸ்டேட்டின் வேண்டுமா என்ற கேள்வியை மருத்துவர்தான் தீர்க்க வேண்டும். கேப்சூலை வைத்து அதைத் தள்ளிப்போடக் கூடாது. 10 மி.கி. அடோர்வாஸ்டேட்டின் எல்.டி.எல்லை 35 முதல் 40 விழுக்காடு வரை இறக்கும். 150 இருந்தால் 90க்கும் 100க்கும் நடுவில் வந்து நிற்கும். ஐந்து பாயின்ட் எங்கே, ஐம்பது பாயின்ட் எங்கே! ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு "இயற்கை" கேப்சூலுக்கு மாறுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. நிறுத்திய சில வாரங்களில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே ஏறிவிடும், உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல்.

ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 500க்கு மேல் இருப்பவர்களுக்குக் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அவர்களும் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் செறிவூட்டிய சாறு எதையும் எடுக்கக் கூடாது. கர்ப்பத்தில் கொலஸ்ட்ரால் தானாகவே ஏறும். அப்போது அளந்து பயப்படவும் தேவையில்லை.

முதல் படி: தொடக்க அளவை ஒழுங்காக எடுப்பது

ஒரே ஒரு பரிசோதனையை வைத்துத் தொடங்க வேண்டாம். ஒன்றிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பரிசோதனைக் கூடத்தில். இந்த முறை கிருஷ்ணகிரியில், அடுத்த முறை பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் என்று எடுத்தால் கருவி மாறியதா, கொலஸ்ட்ரால் மாறியதா என்று சொல்ல முடியாது.

முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்து, காலையில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்து, ஆறிலிருந்து எட்டு மணிக்குள் ரத்தம் கொடுக்க வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரப் பட்டினி போதும். இரண்டு நாளுக்கு முன்பிருந்தே மதுவும் விருந்தும் வேண்டாம். டெங்கு, சிக்குன்குனியா போன்ற காய்ச்சல் வந்து போயிருந்தால் ஆறு வாரம் பொறுங்கள். காய்ச்சல் எல்.டி.எல்லைத் தற்காலிகமாக இறக்கிவிடும். அந்தப் பொய்யான தாழ்வை அடிப்படையாக எடுத்தால், பிறகு கேப்சூல் கொலஸ்ட்ராலை ஏற்றியது போலத் தெரியும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் மாம்பழம். சித்திரை, வைகாசி, ஆனியில் வீட்டில் பழக்கூடை காலியாவதே இல்லை. அந்த நாட்களில் நிறையப் பழம் தின்பவர்களுக்கு டிரைகிளிசரைடு ஏறி நிற்கும், சர்க்கரையும் கூடும். ஜூனில் தொடக்கப் பரிசோதனை எடுத்து, சீசன் ஓய்ந்த செப்டம்பரில் மறுபரிசோதனை எடுத்தால் டிரைகிளிசரைடு இறங்கித்தான் இருக்கும். பாராட்டு கேப்சூலுக்குப் போகும், காரணமோ மாம்பழக் கூடை காலியானது. இரண்டு பரிசோதனையும் சீசனுக்கு வெளியே வரும்படி தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிப்பது வசதி. ஆடிப்பெருக்கும் கறி விருந்தும் அதற்குள் முடிந்திருக்கும்.

லிபிட் புரொஃபைல் என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையோடு சேர்த்து இவற்றையும் எடுங்கள்: கல்லீரல் நொதிகள் (ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி.), டி.எஸ்.எச். (தைராய்டு), எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகம்), ஹீமோகுளோபின். தைராய்டு சுரப்பு குறைந்தாலே எல்.டி.எல். ஏறும். அதற்குத் தைராய்டு மாத்திரைதான் மருந்து. அதைக் கண்டுபிடிக்காமல் கேப்சூல் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பது. கல்லீரல் நொதியும் ஹீமோகுளோபினும் ஏன் என்பது பின்னால் வரும்.

இரண்டாம் படி: தாளை வாசிப்பது

பெரும்பாலான கூடங்கள் எல்.டி.எல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டே தருகின்றன. மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிக்கிறார்கள். மொத்தம் 232, எச்.டி.எல். 42, டிரைகிளிசரைடு 190 என்றால், 190ஐ 5ஆல் வகுக்க 38. 232இல் 42ம் 38ம் போக 152. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்குச் செல்லாது. அப்போது 'நேரடி எல்.டி.எல்.' கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம்: மொத்தத்தில் எச்.டி.எல்லை மட்டும் கழித்தது. மேலே உள்ள ஆளுக்கு அது 190. இது பட்டினியையும் டிரைகிளிசரைடையும் அவ்வளவாகச் சார்ந்திருக்காததால், முன்னும் பின்னும் ஒப்பிட மிகவும் நம்பத் தகுந்தது. எல்.டி.எல். 100க்குள் இருப்பது நல்லது, 130 முதல் 159 வரை எல்லைக்கோடு, 160க்கு மேல் அதிகம். எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்குக் கீழும் பெண்களுக்கு 50க்குக் கீழும் போகக் கூடாது. டிரைகிளிசரைடு 150க்குள்.

மூன்றாம் படி: எந்த ஃபிளேவனாய்டு?

ஃபிளேவனாய்டு என்பது ஒரே பொருள் இல்லை. பழத்தோல், வெங்காயம், தேயிலை, சோயா, கொட்டைகளின் மேல்தோல் இவற்றில் இருக்கும் பல்லாயிரம் சேர்மங்களுக்கான பொதுப்பெயர். ஒன்று செய்வதை மற்றது செய்யாது. கடையில் ஒரே அலமாரியில் நின்றாலும் மஞ்சளின் குர்குமின் ஃபிளேவனாய்டு அல்ல. நெல்லிக்காயின் துவர்ப்பும் பெரும்பாலும் வேறு வகைத் துவர்ப்பிகளால் (டானின்) வருவது.

கிரீன் டீ கேட்டகின்களைப் பற்றித்தான் ஆய்வுகள் மிகுதி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5 முதல் 7 மி.கி., எல்.டி.எல். 2 முதல் 5 மி.கி. குறைகிறது. எச்.டி.எல். அசையவில்லை. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதை இவை கொஞ்சம் தடுக்கின்றன. குறைப்பு சிறியது, ஆனால் திரும்பத் திரும்பக் காணப்பட்டது.

குவெர்செடின் வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது. கொலஸ்ட்ராலுக்கு இதை வாங்குவது பொருந்தாத வேலை, எல்.டி.எல்லில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. நாளுக்கு 500 மி.கி.யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சில பாயின்ட் இறங்கியது, அவ்வளவே.

ஆரஞ்சு, சாத்துக்குடி வகைப் பழங்களின் நாரிஞ்சினும் ஹெஸ்பெரிடினும் ஒரு நல்ல பாடம். எலிகளில் இரண்டும் அருமையாக வேலை செய்தன. கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செய்யும் நொதியை, அதாவது ஸ்டேட்டின் கைவைக்கும் அதே நொதியை, மட்டுப்படுத்தின. 2003இல் கொரியாவில், கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு நாளுக்கு 400 மி.கி. நாரிஞ்சின் எட்டு வாரம் கொடுத்ததில் எல்.டி.எல். 17 விழுக்காடு இறங்கியது. சிவப்பணுக்களில் இருக்கும் காப்பு நொதிகளும் கூடின. ஆனால் ஆட்கள் குறைவு. 2010இல் ஐரோப்பாவில் ஏறக்குறைய இருநூறு பேருக்கு 500 மி.கி. நாரிஞ்சினோ 800 மி.கி. ஹெஸ்பெரிடினோ நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்.டி.எல். இம்மியும் அசையவில்லை. விளம்பரத்தில் முதல் ஆய்வு மட்டும்தான் வரும். சிறிய ஆய்வில் பெரிய பலன் தெரிந்தால், பெரிய ஆய்வு வரும் வரை பணப்பைக்குள் கையை விடாதீர்கள்.

ஆந்தோசயனின் என்பது நாவல் பழத்தின் ஊதாவுக்குக் காரணமானது. 2009இல் சீனாவில் 120 பேரில் செய்த ஆய்வில் நாளுக்கு 320 மி.கி., பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 13 விழுக்காடு குறைந்து எச்.டி.எல்லும் ஏறியது. பின்னால் வந்தவை அவ்வளவு தாராளமாக இல்லை. என்றாலும் எச்.டி.எல். குறைந்தவர் ஒன்றைச் சோதித்துத்தான் பார்ப்பேன் என்றால், பட்டியலில் இதைத் தேர்வது நியாயம்.

கொக்கோ ஃபிளேவனால் பற்றி 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு 21,442 பேரை வைத்து நடந்தது. நாளுக்கு 500 மி.கி. கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற மொத்த இதய நிகழ்வுகள் உறுதியாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை; இதய நோயால் இறப்பது மட்டும் குறைந்தது. சோயா ஐசோஃபிளேவோன் கேப்சூலைக் கழித்துவிடலாம். சோயாப் புரதமாக நாளுக்கு 25 கிராம் சாப்பிட்டால் எல்.டி.எல். 3, 4 விழுக்காடு இறங்கும். பிரித்தெடுத்த கேப்சூலுக்கு அந்தப் பலன் இல்லை.

நான்காம் படி: டப்பாவின் முதுகைப் படிப்பது

முன்பக்கம் பெரிதாக எழுதிய எண் சாற்றின் எடை. உங்களுக்கு வேண்டியது சரக்கின் எடை. "கிரீன் டீ சாறு 500 மி.கி., 50 விழுக்காடு இ.ஜி.சி.ஜி." என்றால், கிரீன் டீயின் முக்கியக் கேட்டகினான இ.ஜி.சி.ஜி. உள்ளே 250 மி.கி. விழுக்காடே போடவில்லை என்றால் வாங்காதீர்கள். குவெர்செடின் டைஹைட்ரேட் 500 மி.கி. என்பதில் நீரின் எடை போக 447 மி.கி.தான் குவெர்செடின். குவெர்செடினின் இன்னொரு வடிவமான ரூட்டின் 500 மி.கி. என்று விற்றால் அதில் குவெர்செடின் பாதிக்கும் கீழே, 250ஐ ஒட்டி. குடலில் உறிஞ்சப்படுவதும் குறைவு.

இந்தியாவில் இந்த வகைச் சரக்கு 2016இன் உணவுப் பாதுகாப்பு விதிகளுக்குக் கீழ் வருகிறது. டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், 'ஹெல்த் சப்ளிமென்ட்' அல்லது 'நியூட்ராசூட்டிகல்' என்ற சொல், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வரி மூன்றும் இருக்க வேண்டும். "கொலஸ்ட்ராலைக் குணமாக்கும்" என்று எழுதியிருந்தால் அந்த டப்பாவே விதியை மீறியது. பத்துப் பதினைந்து மூலிகை கலந்த கலவையையும் ஒதுக்குங்கள். பலன் வந்தால் எதனால் என்று தெரியாது, கல்லீரல் கெட்டாலும் எதனால் என்று தெரியாது.

ஐந்தாம் படி: பன்னிரண்டு வாரம்

ஒரே ஒரு பொருள். எண்ணெய், நடை, தூக்கம், டீ எதையும் இந்த மூன்று மாதத்தில் புதிதாக மாற்ற வேண்டாம். மாற்றினால் கணக்குக் குழம்பும். கேப்சூலை எப்போதும் சாப்பாட்டுக்கு நடுவில் அல்லது சாப்பிட்டவுடன் எடுங்கள்.

கிரீன் டீ சாற்றுக்கு இது உயிர்காக்கும் விதி. வெறும் வயிற்றில் எடுத்தால் இ.ஜி.சி.ஜி. பல மடங்கு கூடுதலாக ரத்தத்தில் ஏறும். கல்லீரல் பாதிப்பும் அப்படி எடுத்தவர்களிடம் நிறையப் பதிவாகியிருக்கிறது. 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாளுக்கு 800 மி.கி.யும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி. கேப்சூலாக எடுத்தால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று சொன்னது. 300 மி.கி.யோடு நின்றுகொள்ளுங்கள். அமாவாசை, கிருத்திகை, சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் அன்றைக்குக் கேப்சூலை விட்டுவிடுங்கள். கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, வயிற்றின் வலது மேல்புறம் வலி, காரணமில்லாத அரிப்பு, சோறு கண்டாலே குமட்டல், இதில் ஒன்று வந்தாலும் அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை எடுக்க வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் நான்காம் வாரத்தில் ஒருமுறை ஏ.எல்.டி. பாருங்கள்.

கோப்பையில் குடிக்கும் கிரீன் டீ இந்த ஆபத்துக்குள் வராது. 2 கிராம் இலையை 80 டிகிரி நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்தால் 50 முதல் 100 மி.கி. இ.ஜி.சி.ஜி. இறங்கும், இரண்டு மூன்று கோப்பை போதும். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கு இங்கே ஒரு தனிக் கவலை இருக்கிறது: ஃபுளோரைடு. தேயிலைச் செடி மண்ணின் ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும், முற்றிய இலையில் இன்னும் அதிகம். மலிவான தூளும் கரடுமுரடான இலையும் முற்றிய இலையால் ஆனவை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஏற்கெனவே ஃபுளோரைடு கூடுதலாக இருந்து, பல்லில் கறையும் எலும்பில் வலியும் வந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013 முதல் காவிரி நீர் வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. போர் தண்ணீரில் டீ போட்டு நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடித்தால் தண்ணீரின் ஃபுளோரைடும் இலையின் ஃபுளோரைடும் ஒன்றுசேரும். டீ போடுவதற்கு ஒகேனக்கல் தண்ணீரையே பிடியுங்கள், கொழுந்து இலையாக வாங்குங்கள், மூன்று கோப்பையோடு நிறுத்துங்கள்.

அடுத்தது இரும்புச்சத்து. கேட்டகின்களும் துவர்ப்பிகளும் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்யும். சாப்பாட்டோடு டீ குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கும் கீழே போகும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கும் பெண்கள் டீச் சாற்றுக் கேப்சூலை எடுக்காதீர்கள். இரும்பு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் டீக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள்.

மாத்திரைகளோடு மோதல்: கிரீன் டீ சாறு ரோசுவாஸ்டேட்டின் ரத்தத்தில் ஏறுவதைக் குறைக்கிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்க எடுத்த கேப்சூல் கொலஸ்ட்ரால் மாத்திரையையே பலவீனமாக்குகிறது! பம்பளிமாஸ் பழமும் சாறும் சிம்வாஸ்டேட்டின், அடோர்வாஸ்டேட்டின் இரண்டையும் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏற்றக் கூடியவை, தசைவலி வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5இல் அத்திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வருபவர்களிடம் மாத்திரை அட்டையோடு கேப்சூல் டப்பாவையும் எடுத்துக் காட்டுங்கள். "அது மருந்தில்லையே" என்று மறைத்துவைப்பதால்தான் கல்லீரல் கெட்ட காரணம் பல நாள் தெரியாமல் போகிறது.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல்லைப் பற்றி

டப்பாவில் இருக்கும் இன்னொரு வாக்குறுதி இது. கேப்சூல் ரத்தத்துக்குள் போய் கெட்ட மூலக்கூறுகளை நேராகப் பிடித்துத் தின்னும் என்ற படம் தவறு. விழுங்கிய குவெர்செடினில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. மிச்சத்தைப் பெருங்குடல் கிருமிகள் உடைக்கின்றன. கடைசியில் ரத்தத்தில் ஏறுவது லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் அளவு. நம் ரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் யூரிக் அமிலமும் ஆன்டிஆக்சிடன்ட்தான்; அது 200 முதல் 400 மைக்ரோமோல். கடலில் கரைத்த பெருங்காயமாகத்தான் குவெர்செடின் அங்கே இருக்கும்.

உடம்பின் உண்மையான காப்பு அதன் சொந்த நொதிகள்: சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ். ஃபிளேவனாய்டு உடைந்து வரும் துண்டுகள் செல்லுக்குள் லேசான உறுத்தலாகப் போய், என்.ஆர்.எஃப்.2 என்ற புரதத்தை விழிக்கச் செய்து, இந்த நொதிகளைக் கூடுதலாகச் செய்யச் சொல்கின்றன. உயிரணுக்களிலும் விலங்குகளிலும் இது தெளிவாகத் தெரிகிறது. மனிதர்களில் ஓர் ஆய்வில் நொதி கூடுகிறது, அடுத்ததில் கூடுவதில்லை. ஆன்டிஆக்சிடன்ட் திறனைச் சோதனைக் குழாயில் அளந்த 'ஓராக்' எண்ணை இன்னும் டப்பாவில் அச்சடிக்கிறார்கள். அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்று அமெரிக்க வேளாண் துறை தன் பட்டியலையே 2012இல் எடுத்துவிட்டது. "ஆன்டிஆக்சிடன்ட் டெஸ்ட்" என்று தனியாக விற்கும் பரிசோதனைக்கும் காசு கொடுக்காதீர்கள். அதன் முடிவை வைத்து மாற்றக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் 'மல்டி ஆன்டிஆக்சிடன்ட்' கலவையைத் தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலும் பீட்டா கரோட்டின் இருக்கும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு நாளுக்கு 20 மி.கி. கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1994இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், 18 விழுக்காடு கூடியது.

அடுப்படியில் எறிவது

கேழ்வரகின் துவர்ப்பிகள், கேட்டகின் உட்பட, அநேகமாக முழுவதும் அதன் செந்தவிட்டுத் தோலில்தான் இருக்கின்றன. களி வழுவழுப்பாக வரவேண்டும் என்று ராகி மாவைச் சலித்துத் தவிட்டை மாட்டுக்குப் போட்டால், ஃபிளேவனாய்டும் நாரும் மாட்டுக்குப் போகின்றன. சலிக்காத மாவு 100 கிராமில் 11 கிராம் நார் இருக்கிறது. சலிக்காத மாவில் களி கட்டி தட்டுகிறது என்றால், கால் பங்கு மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, அது கொதிக்கும்போது மீதி மாவைக் கொட்டி, மூடிப் பத்து நிமிடம் வேகவிட்டுப் பிறகு கிண்டுங்கள். தவிடு ஊற நேரம் கிடைத்தால் கட்டி விழாது. மாவை அரைத்து மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், தவிட்டு எண்ணெய் காறல் அடிக்கும். சர்க்கரை நோயாளிக்கு இரண்டு உருண்டை களியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஓர் உருண்டையோடு நிறுத்தி, கீரைக் கடைசல் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிலும் சரக்கு தோலில். நாளுக்கு 30 கிராம், இரவு ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டினாலும் வேகவைத்த நீரைக் கொட்டாமல் ரசம் வையுங்கள். அதில் எலுமிச்சை பிழிந்தால் துவர்ப்பி பிடித்துவைக்கும் இரும்பில் ஒரு பங்கு விடுபடும். வெங்காயத்தில் வெளிச் சுற்றுகளில்தான் குவெர்செடின் செறிந்திருக்கிறது. காய்ந்த சருகை மட்டும் உரியுங்கள். நாவல் பழத்தைத் தோலோடு சாப்பிடுங்கள். கொட்டைப் பொடி வேறு சரக்கு, ஆந்தோசயனின் அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கொலஸ்ட்ராலுக்கு இவற்றைவிடவும் பெரிய நெம்புகோல் எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது. பாமாயிலில் 40 விழுக்காட்டுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் 20க்குள். நம் காட்டில் விளையும் கடலையை ஆட்டி, ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று நிறுத்தினால், கேப்சூல் காட்டாத இறக்கத்தைப் பரிசோதனைத் தாளில் பார்க்கலாம். இஸப்கோல் நாளுக்கு 10 கிராம் நிறையத் தண்ணீரோடு எடுத்தால் எல்.டி.எல். 10 பாயின்டுக்கு மேல் இறங்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி இடைவெளி வேண்டும்.

கடைசிப் படி: மறுபரிசோதனை

பன்னிரண்டாம் வாரத்திலும் பதிமூன்றாம் வாரத்திலும் ஒவ்வொரு முறை, அதே கூடத்தில், அதே பட்டினியோடு எடுத்துச் சராசரி போடுங்கள். கேப்சூலை இடையில் நிறுத்தாதீர்கள். முந்தைய சராசரியிலிருந்து எல்.டி.எல். 15 விழுக்காட்டுக்கும் குறைவாக இறங்கியிருந்தால் அது ஆட்டம். கேப்சூல் உங்களுக்கு வேலை செய்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, அடுத்த டப்பா வாங்க வேண்டாம். 150 இருந்தவருக்கு 127 அல்லது அதற்குக் கீழே வந்தால் மட்டும் மேலே யோசிக்கலாம். அப்போதும் எட்டு வாரம் நிறுத்தி மறுபடி அளந்து பாருங்கள். நிறுத்திய பிறகும் 127லேயே நின்றால் இறக்கியது வேறு எதுவோ. ஏ.எல்.டி. தொடக்கத்தைவிட இரு மடங்கு ஏறியிருந்தால் எல்.டி.எல். எவ்வளவு இறங்கியிருந்தாலும் நிறுத்திவிட்டு, இரண்டு தாள்களையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போங்கள்.